காய்கறிப் பங்குப் பண்ணையில் முதல் வருடம்: புதிதாக வருபவர்களுக்கு

ஆனி பிறந்தால் எங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் தொடங்கிவிடும். "பண்ணையில் தங்கி வேலை கத்துக்கலாமா?" என்று கேட்பார்கள். கல்லூரி முடித்தவர்கள், ஐ.டி. வேலையை விட்டவர்கள், பூர்வீக நிலம் தரிசாகக் கிடக்கிறதே என்று மனம் பொறுக்காதவர்கள் என்று பலரும் இருப்பார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நிலம் மதுராந்தகத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது. செம்மண் கலந்த மூன்று ஏக்கர், ஒரு கிணறு, நான்கு நாட்டு மாடுகள். சென்னையில் 40 குடும்பங்களுக்கு வாரம் ஒரு கூடை போகிறது. கொங்குப் பக்கமோ தென்காசிப் பக்கமோ என்றால் மழைக் கணக்கு மாறும், பட்டம், அதாவது விதைக்கும் பருவம், சில வாரம் முன்பின் ஆகும். மற்றபடி வேலை இதுதான்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும்

இது சந்தைக்கு விளைவிக்கும் பண்ணை இல்லை. கூடை வாங்கும் அந்த 40 பங்குக் குடும்பங்களும் ஆடி மாதமே பருவத்துக்கான பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பணத்தில்தான் விதை, எரு, கூலி, பந்தல் கம்பி எல்லாம். ஆவணி நடுவில் முதல் கூடை, பங்குனிக் கடைசியில் கடைசிக் கூடை, ஏறக்குறைய 32 வாரம். விளைச்சல் கொட்டினால் கூடை நிறையும், பொய்த்தால் குறையும். இரண்டையும் அவர்கள் நம்மோடு சேர்ந்து ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஜப்பானில் 1970களில் இப்படித் தொடங்கினார்கள். விவசாயிகளும் வீட்டுப் பெண்களும் நேருக்கு நேர் செய்துகொண்ட அந்த ஏற்பாட்டுக்குத் 'தெய்கெய்' என்று பெயர். கைகோத்துக்கொள்வது என்று பொருள் சொல்லலாம். அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இதே வழியில் கிளம்பின. நம் ஊரில் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்து பேசிய பிறகு இயற்கை விவசாயத்துக்கு வந்தவர்கள் பலர். விளைவிப்பது கைவந்த பிறகும் யாருக்கு விற்பது என்ற கேள்வியில் தடுமாறி நின்றவர்களும் அவர்களில் நிறைய. பங்குக் குடும்பங்கள் அந்தக் கேள்விக்கு ஒரு பதில்.

உங்களுக்கு இதில் என்ன வேலை என்றால், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி கிளம்பும்போது 40 கூடையும் நிறைந்திருக்க வேண்டும். இந்தப் பண்ணையில் எல்லாக் கணக்கும் அந்தப் பத்து மணியிலிருந்து பின்னோக்கித்தான் போகும்.

வருவதற்கு முன்

ஆனிக் கடைசியில் வாருங்கள். மார்கழியில் வந்தால் பண்ணை அழகாக இருக்கும், ஆனால் அந்தப் பச்சை எப்படி வந்தது என்று தெரியாமலே திரும்பிப் போவீர்கள். விதைப்பிலிருந்து இருந்தால்தான் பயன்.

முழுக்கைப் பருத்திச் சட்டை இரண்டு, தலைக்குத் துண்டு, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், நல்ல டார்ச் லைட் கொண்டுவாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள். இருட்டில் மோட்டார் போடப் போகும்போது பூட்ஸும் டார்ச்சும் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது. கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் எங்கள் வரப்புகளில் உண்டு. கடித்துவிட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மருத்துவமனை என்பதை வந்த முதல் நாளே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நேரம் விடியற்காலை ஐந்தரையிலிருந்து பத்தரை வரை, பிறகு மாலை நான்கிலிருந்து இருட்டும் வரை. நடுவில் நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலைகள். பத்து மணிக்குக் கம்பங்கூழும் மோரும் வரும். "பசிக்கல" என்று தள்ளிவைக்காதீர்கள். முதல் வாரத்தில் மயங்கி உட்கார்ந்தவர்கள் எல்லாருமே கூழ் வேண்டாம் என்றவர்கள்தான்.

இன்னொன்று. களையெடுக்க வரும் அக்காக்களும் ஆயாக்களும் உங்களுக்கு ஆசிரியர்கள். நீங்கள் எவ்வளவு படித்திருந்தாலும் "அக்கா, இத எப்படிப் புடிக்கணும்?" என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் கூலிக்கு வருகிறார்கள், நீங்கள் கற்றுக்கொள்ள வருகிறீர்கள். அவர்களை வேலை ஏவும் இடம் உங்களுடையது அல்ல.

கூடையிலிருந்து பின்னோக்கி எண்ணுவது

வந்த முதல் வாரத்தில் ஒரு நோட்டு வாங்கிக் கொடுப்போம். அதில் முதலில் எழுத வேண்டியது கூடை. எங்கள் கூடையில் ஏழெட்டு வகைக் காய், இரண்டு கட்டுக் கீரை, கொஞ்சம் கறிவேப்பிலை, பச்சை மிளகாய். இதை வைத்துக்கொண்டு பின்னால் போங்கள்.

கீரையையே எடுத்துக்கொள்வோம். 40 வீடு, வீட்டுக்கு இரண்டு கட்டு, ஆக 80 கட்டு. ஒரு கட்டு கால் கிலோ என்றால் 20 கிலோ. நான்கடி அகலம், பதினைந்தடி நீளத்தில் ஒரு மேட்டுப்பாத்தி போட்டால் எங்கள் மண்ணில் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பிடுங்கலாம். அப்படியென்றால் நான்கு பாத்தி. மழையும் வண்டும் தின்பதற்கு ஒரு பாத்தி சேர்த்து ஐந்து. சிறுகீரை, முளைக்கீரை எல்லாம் விதைத்த 22இலிருந்து 28 நாளில் பறிப்புக்கு வரும். ஆகவே ஒவ்வொரு வாரமும் ஐந்து பாத்தி விதைத்துக்கொண்டே இருந்தால்தான் ஒவ்வொரு வாரமும் ஐந்து பாத்தி பறிக்கலாம். ஒரு வாரம் சோம்பல்பட்டு விட்டுவிட்டால் அது அன்றைக்குத் தெரியாது. நான்கு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கூடையில் தெரியும், அப்போது எதுவும் செய்ய முடியாது.

கத்தரிக்கு நாற்றங்காலில் ஒரு மாதம், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு இரண்டு மாதம். தீபாவளி வாரக் கூடையில் கத்தரிக்காய் வேண்டும் என்றால் ஆடி முதல் வாரம் நாற்றங்காலில் விதை விழுந்திருக்க வேண்டும். தக்காளி வாரம் 40 கிலோ, எட்டு வாரத்துக்கு 320 கிலோ. நாட்டுத் தக்காளிச் செடி ஒன்று ஒன்றரைக் கிலோ கொடுத்தால் 215 செடி போதும் என்று கணக்கு வரும். நாங்கள் 300 நடுவோம். வாடல் நோய்க்கும் மயிலுக்கும் போனது போக மிச்சம் நமக்கு.

வெண்டை நேரடி விதைப்பு, 45 நாளில் காய்க்கும். அவரையில் மட்டும் இந்த நாள் கணக்கு செல்லாது. நாட்டு அவரைக்குப் பகல் பொழுது குறைய வேண்டும், பனி விழ வேண்டும், அப்போதுதான் பூக்கும். ஆடியில் விதைத்துக் கொடியைப் பந்தலில் ஏற்றிவிட்டுக் கார்த்திகை வரை காத்திருக்க வேண்டியதுதான். ஒரு முறை புதிதாக வந்த தம்பி ஒருவர் தையில் ஆசையாக அவரை விதைத்தார். கொடி பந்தலை மூடிக்கொண்டு செழித்தது, காய் கைப்பிடிகூட வரவில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னவர்கள் இந்தக் கொடிகளை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனி, ஆடி, ஆவணி

ஆனியில் முதல் வேலை வேப்பங்கொட்டை பொறுக்குவது. வேப்பம்பழம் உதிரும் காலம் அது. பழத்தைக் கழுவிச் சதையை நீக்கிக் கொட்டையை நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் தை வரைக்கும் பூச்சி விரட்டிக்குக் கவலை இல்லை. இதை விட்டுவிட்டு மார்கழியில் கடைக்கு ஓடுவது பணத்துக்குக் கேடு.

அதற்குள் சித்திரையில் பெய்த கோடை மழைக்கு விதைத்த பலதானியம் பூவெடுத்திருக்கும். சோளம், கம்பு, உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, சணப்பு, தக்கைப்பூண்டு என்று கைக்குக் கிடைத்ததைக் கலந்து தூவியிருப்போம். ஐம்பது, அறுபது நாளில் பூக்கும் பருவத்தில் அதை மடக்கி உழுதுவிடுவோம். மடக்கிய பிறகு இரண்டு மூன்று வாரம் மண்ணைச் சும்மா விட வேண்டும். பச்சையாக மட்கிக்கொண்டிருக்கும் மண்ணில் நட்டால் நாற்று மஞ்சளடிக்கும்.

பிறகு பாத்தி. மேட்டுப்பாத்தி ஒரு சாண் உயரமாவது இருக்க வேண்டும், ஐப்பசி மழையை நினைத்துக்கொண்டு மண்ணை அணையுங்கள். போட்ட பாத்தியின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. பாத்திக்கு நான்கு அன்னக்கூடை மட்கிய தொழுவுரம். கையில் எடுத்தால் சாண வாடை அடிக்கக் கூடாது, மழை பெய்த மண் வாசனை அடிக்க வேண்டும், அதுதான் மட்கியதற்கு அடையாளம்.

புதிதாக வருபவர்களுக்கு ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் போன்ற ஊட்டக் கரைசல்களின் மேல் பெரிய ஆர்வம் இருக்கும். கற்றுக்கொடுப்போம். 200 லிட்டர் தண்ணீரில் நாட்டு மாட்டுச் சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி போட்டு, நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்கிவிட்டால் இரண்டு நாளில் ஜீவாமிர்தம் தயார். ஒரு ஏக்கருக்குப் பாசனத் தண்ணீரோடு விடலாம். பஞ்சகவ்யத்தை நன்றாக வடிகட்டி, 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. ஆனால் என் அனுபவத்தில் எரு, மண்ணை வைக்கோலால் மூடிவைக்கும் மூடாக்கு, களை இந்த மூன்றும் சரியில்லாத இடத்தில் எந்தக் கரைசலும் பெரிதாக உதவியதில்லை. கலக்குவது சுலபம், செய்த திருப்தி உடனே கிடைக்கும். மூடாக்குக்கு வைக்கோல் சுமப்பது கஷ்டம். கஷ்டமானதை முதலில் செய்யுங்கள்.

கீரை விதை தூள் மாதிரி இருக்கும். ஒரு பங்கு விதைக்கு நான்கு பங்கு சலித்த மணல் கலந்து தூவினால் சீராக விழும். தூவிய பிறகு கையால் லேசாகக் கீறிவிட்டு, பூவாளியால் தண்ணீர். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும், பாத்தியைச் சுற்றிச் சாம்பல் போடுங்கள்.

கத்தரி, தக்காளி, மிளகாய் விதைகளைக் குழித்தட்டிலோ நாற்றங்காலிலோ விடலாம். எதில் விட்டாலும் இரண்டு தவணையாக விடுங்கள், நடுவில் பத்து நாள் இடைவெளி. ஏன் என்று மழைக்காலத்தில் தெரியும். நடவு எப்போதும் மாலையில்தான். நட்டு முடித்ததும் விடும் முதல் தண்ணீர் உயிர்த் தண்ணீர், மூன்றாம் நாள் மறுதண்ணீர். வரப்போரம் செண்டுமல்லியும் ஆமணக்கும் மறக்க வேண்டாம். புழு முதலில் அவற்றைத்தான் தேடிப் போகும்.

களை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆவணி முழுக்க நீங்கள் செய்யப் போவது அதுதான். விதைத்த பதினைந்தாம் நாள் முதல் களை, முப்பதாம் நாள் இரண்டாம் களை. கீரைப் பாத்தியில் முதல் முறை உட்கார்ந்தபோது எனக்கு எல்லாமே ஒரே பச்சையாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஆயா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "களயத் தேடாத கண்ணு. மொதல்ல பயிரக் கண்ணுல புடி. அப்புறம் மீதியெல்லாம் தானாத் தெரியும்." அவர் சொன்னபடி சிறுகீரையின் இளம் தண்டையும் இலையின் வளைவையும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு கை தடுமாறவில்லை.

கோரையைக் களைக்கொட்டால் வெட்டாதீர்கள், கிழங்கு அறுபட்டால் ஒன்று பத்தாகும். ஈரம் இருக்கும்போது கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். பிடுங்கியதையெல்லாம் குப்பை என்று நினைக்கவும் வேண்டாம். குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, மூக்கிரட்டை, சாரணை எல்லாம் ஆயாக்கள் மடியில் கட்டிக்கொண்டு போவார்கள். அவர்களிடம் கேட்டு அடையாளம் தெரிந்துகொண்ட பிறகு நாங்களும் கலவைக்கீரை என்று கூடையில் வைக்க ஆரம்பித்தோம். அடையாளம் உறுதியாகத் தெரியாத எதையும் கூடையில் வைக்கக் கூடாது.

புரட்டாசி தொடங்கி மழை முடியும் வரை

புரட்டாசியில் பல வீடுகளில் அசைவம் கிடையாது. கூடையில் காய் கூடுதலாகக் கேட்பார்கள். வெண்டை, கொத்தவரை, புடலை, பீர்க்கு, சுரை எல்லாம் அப்போது நல்ல காய்ப்பில் இருப்பதால் கொடுக்கவும் முடியும். அந்த உற்சாகத்தில் ஒரு வேலையை மறந்துவிடக் கூடாது. வடிகால்.

எங்கள் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அதற்கு முன்பே நிலத்தின் தாழ்ந்த மூலை எது என்று நடந்து பார்த்து, அங்கே வரப்பை எங்கே வெட்டிவிடுவது என்று முடிவு செய்து, பாத்திகளுக்கு நடுவில் உள்ள வாய்க்கால்களை ஆழப்படுத்திவிட வேண்டும். பந்தல் கால்களைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, ஆடுவதை மாற்ற வேண்டும். மழை அறிவிப்பு வந்தால் பாசனம் நிறுத்தம். பறிக்கிற அளவுக்கு வந்த எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். பூசணி, பரங்கி, சேனை மாதிரி தாங்குகிற காய்களைப் பரணில் அடுக்கிவையுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் மறுநாளும் அங்கேயே நின்று பெய்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. எங்கள் நிலத்தில் வடிகால் வெட்டியிருந்தோம், ஆனால் வெளியே ஓடையே நிறைந்து தண்ணீர் உள்ளே திரும்பி வந்தது. இரண்டு நாள் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு தக்காளிச் செடிகள் பச்சையாகத்தான் நின்றன, மூன்றாம் நாள் வெயில் அடித்ததும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் தொங்கப்போட்டன. பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, தொட்டால் தோல் உரிந்து வந்தது. அவரைப் பந்தலில் ஒரு பக்கம் படுத்துவிட்டது.

எங்களைக் காப்பாற்றியது இரண்டாம் தவணை நாற்று. மேட்டில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் குழித்தட்டுகளில் இருந்தது. மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்த பிறகு, பத்து நாள் கழித்து அதை நட்டோம். ஈரக் களியில் இறங்கி மிதித்தால் அந்த மண் அந்த வருடம் முழுக்கக் கட்டியாகிவிடும். ஆகவே எவ்வளவு பதற்றமாக இருந்தாலும் காத்திருக்க வேண்டும்.

குடும்பங்களுக்குத் தண்ணீர் நின்ற அன்றே படத்தோடு செய்தி அனுப்பினோம். எது போனது, எது பிழைத்தது, எத்தனை வாரம் கூடை வராது என்று உள்ளது உள்ளபடி எழுதினோம். இரண்டு சனிக்கிழமை கூடை இல்லை. மூன்றாவது வாரம் பரணில் இருந்த பரங்கி, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை மட்டும் போனது. இரண்டு குடும்பங்கள் அடுத்த வருடம் சேரவில்லை. பதினோரு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து பந்தல் தூக்க நின்றார்கள். இந்தச் செய்தி எழுதும் வேலையும் முறை வைத்து உங்களிடம் வரும். மூன்று விதி: தாமதிக்காதீர்கள், குறைத்துச் சொல்லாதீர்கள், வெளியில் வாங்கிக் கூடையை நிரப்பலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள்.

கூடை நாள்

வெள்ளி மாலையே வெண்டை, கத்தரி, கொத்தவரை, பாகல், சுரை பறித்துவிடலாம். பறித்ததைக் கொட்டகையில் தரையில் பரப்பி, மேலே ஈரச் சாக்கு. தக்காளியைச் செங்காயாக, பாதி சிவந்ததும் பறியுங்கள், வண்டியில் நசுங்காது. வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். ஒரு பறிப்பு தவறினால் முற்றிவிடும். கடையில் நுனியை ஒடித்துப் பார்ப்போமே, அதே சோதனையைச் செடியிலேயே செய்து பழகுங்கள். நான்கு நாளில் விரலே அளவு சொல்லும். முற்றியதைச் செடியில் விடாதீர்கள், அறுத்து மாட்டுக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் செடி காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும்.

கீரை மட்டும் சனிக்கிழமை விடியலில். நான்கரைக்கு எழுந்து, நெற்றி விளக்கு மாட்டிக்கொண்டு, பனி ஈரம் இருக்கும்போது வேரோடு பிடுங்கி, தொட்டித் தண்ணீரில் மண் போக அலசி, நீரை உதறி, வாழைநாரால் கட்ட வேண்டும். கட்டை இறுக்கினால் நடுவில் இருக்கிற இலை வெந்துபோகும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். கட்டியதை வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி கிரேட்டில் நிற்க வைத்து ஈரத்துணி போர்த்துங்கள்.

அடுக்கும்போது கனமானது அடியில், கீரை மேலே. ஒவ்வொரு கூடையிலும் ஒரு சீட்டு: இந்த வாரம் என்ன, எந்தப் பாத்தியிலிருந்து, கலவைக்கீரையை எப்படிச் சமைப்பது. தாம்பரத்திலும் அடையாறிலும் இரண்டு வீட்டு வாசல்களில் கூடைகள் இறங்கும், குடும்பங்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். மாதம் ஒருமுறையாவது வண்டியோடு போய் வாருங்கள். ஒரு பாட்டி புடலங்காயைக் கையில் வாங்கி முகர்ந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு வந்தால் திங்கட்கிழமைக் களை வேறு மாதிரி இருக்கும்.

எடையை எழுதிவையுங்கள். என்ன விதைத்தோம், எந்த நாள், என்ன தெளித்தோம், எவ்வளவு பறித்தோம் எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். பி.ஜி.எஸ். எனும் பங்கேற்பு உத்தரவாத முறையில் இயற்கை விவசாயச் சான்று பெறும் குழுவில் பக்கத்து விவசாயிகளே வந்து நம் நிலத்தையும் நோட்டையும் பார்ப்பார்கள், நாம் அவர்களுடையதைப் பார்ப்போம். அந்த நோட்டு சான்றுக்கு மட்டும் இல்லை, அடுத்த வருடம் பின்னோக்கி எண்ணுவதற்கும் அதுதான்.

மார்கழி, தை, மாசி

மழை விட்டுப் பனி இறங்கும் இந்த மூன்று மாதமும் நிலம் அள்ளித் தரும். முள்ளங்கி, பீட்ரூட், அவரை, மொச்சை, தக்காளி, கொத்தமல்லி எல்லாம் வரும். பொங்கல் வாரக் கூடைக்கு மஞ்சள் கொத்தும் பரங்கிக் கீற்றும் மொச்சையும் போக வேண்டும் என்று ஆடியிலேயே நோட்டில் எழுதியிருப்பீர்கள்.

பூச்சிக்கும் இது நல்ல காலம். அவரையிலும் தட்டையிலும் அசுவினி கறுப்பாக அப்பும். காலைப் பனி ஈரத்தில் சலித்த சாம்பலைத் தூவினால் கட்டுப்படும். பொறிவண்டைக் கண்டால் தொடாதீர்கள், அசுவினியைத் தின்ன வந்த ஆள் அது.

கத்தரியில் தினமும் ஒரு சுற்று நடக்க வேண்டும். செடி முழுக்கச் செழிப்பாக இருக்கும்போது ஒரு குருத்து மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி, தண்டை நகத்தால் பிளந்து பாருங்கள். துளைக்குள் வெளிறிய ரோஜா நிறத்தில் சின்னதாக நெளியும். கிள்ளிய குருத்தைக் கீழே போட்டுவிட்டுப் போனால் அது மண்ணில் கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். இடுப்பில் ஒரு டப்பா கட்டிக்கொண்டு அதில் போட்டு, கடைசியில் சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள். ஓட்டை விழுந்த காயும் அதே டப்பாவுக்கு. இரண்டு வாரம் விடாமல் செய்தால் தெளிப்பே பாதி குறையும்.

தெளிக்க வேண்டி வந்தால் ஆனியில் பொறுக்கிய வேப்பங்கொட்டை இருக்கிறது. பருப்பு 5 கிலோவை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். அன்றைக்குக் கலக்கியது அன்றைக்கே தீர வேண்டும். வெண்டையில் நரம்பு மஞ்சளடித்த செடி தெரிந்தால் அதற்கு மருந்து இல்லை. வெள்ளை ஈ பரப்பும் நோய் அது, உடனே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள்.

பங்குனி, சித்திரை

பங்குனியில் கிணறு இறங்கும், காய் சிறுக்கும், கூடையும் சிறுக்கும். கடைசிக் கூடையோடு குடும்பங்களைப் பண்ணைக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு, வரவு செலவுக் கணக்கை விரித்துக் காட்டுவோம். நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள்.

பிறகு விதை வேலை. இதற்காக முன்பே நல்ல செடிகளுக்குச் சிவப்புத் துணி கட்டியிருப்போம். ஒரே செடியிலிருந்து எடுக்காமல் பத்துப் பதினைந்து செடிகளிலிருந்து எடுக்க வேண்டும். கத்தரி செடியிலேயே மஞ்சளாகப் பழுக்கட்டும். தக்காளியைப் பிழிந்து ஒன்றிரண்டு நாள் புளிக்கவிட்டு, வழவழப்புப் போனதும் கழுவி, நிழலில் துணி மேல் காயவையுங்கள். வெண்டை நெற்று வெடிக்கத் தொடங்கும் முன் வெட்டிவிடுங்கள். காய்ந்த விதையை அடுப்புச் சாம்பலோடு கலந்து, காற்று புகாத பாட்டிலில் அடைத்து, உள்ளே ஒரு சீட்டு போடுங்கள்: என்ன ரகம், எந்தப் பாத்தி, எந்த மாதம் எடுத்தது. எடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். அடுத்த ஆடியில் அந்த பாட்டிலைத் திறக்கும் புது ஆளுக்குச் சந்தேகம் வந்தால் உங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.